மத்ததையும் பிரிங்க

நூல் அறுபடும் சத்தம் எனக்கு ஆகாது. பலகாரக் கடையில் பொட்டலத்தைக் கட்டிவிட்டுப் பட்டென்று நூலை அறுப்பார்களே, அதற்கே முதுகில் சில்லென்று ஏறும். உடனே காதுக்குள் அவர் குரல் கேட்கும். "மத்ததையும் பிரிங்க."

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் லூனாஸ் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேருக்குப் பெயரைச் சொன்னாலும் தெரியாது, ஏனென்றால் எங்கள் தாமான் குடியிருப்பில் அவரை 'மத்தது சார்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மத்தது சார். பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் ஏது? தெருவில் பார்த்தாலே "மத்தது சார்!" என்று கத்தும். அவரும் "என்னாப்பா" என்று நின்று பதில் சொல்லுவார்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாருக்குப் பயம். ஆனால் அவரைப் பார்த்துப் பயந்த மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை. அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

எங்கள் பக்கம் பெரிய முடிவு எதுவானாலும் பூப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு சிவப்பு அரளி, ஒரு வெள்ளை அரளி. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். பூசாரி நூலை அறுத்துப் பிரிப்பார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். கோவிலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் அப்படியே விட்டுவிடுவார்கள். சார் ஒருவர்தான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, "மத்ததையும் பிரிங்க, பாத்துரலாம்" என்பார்.

அவர் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். படிப்பு அவரை லண்டன் வரைக்கும் கொண்டுபோனது. அங்கே பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத் தத்துவம் சொல்லிக் கொடுத்தார் என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"விஞ்ஞானம் கேள்விப்பட்டிருக்கேன், தத்துவமும் கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டும் சேந்தா என்னா சார்?"

"விஞ்ஞானி ஒருத்தன் எனக்குத் தெரியும்னு சொல்றான் இல்ல? எப்படிடா உனக்குத் தெரியும்னு கேக்கறது. அதுக்கும் சம்பளம் குடுத்தானுங்க லா" என்றார்.

அங்கே அவர் ஒரு புத்தகம் எழுதி ஊரைக் கூட்டிவிட்டார். விஞ்ஞானத்துக்கென்று ஒரே வழிமுறை கிடையாது, தோட்டத்து மருத்துவச்சி சொல்வதையும் ஆய்வுக்கூடம் சொல்வதையும் ஒரே மரியாதையோடுதான் சோதிக்க வேண்டும் என்று எழுதினாராம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் குதித்தார்களாம். ஒரு பேராசிரியர், இந்த ஆள் பேச்சைக் கேட்டு ஒரு நாள் ஓர் உயிர் போகப்போகிறது என்று பத்திரிகையிலேயே எழுதிவிட்டார். அந்தத் துண்டைச் சார் தன் மணிபர்ஸில் வைத்திருந்தார். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. என்னிடம் காட்டியபோது சிரித்துக்கொண்டேதான் காட்டினார். ஆனால் அதைத் திரும்ப உள்ளே வைக்கும்போது சிரிப்பைக் காணவில்லை.

ஓய்வு பெற்றுத் தனியாளாக வந்து எங்கள் வரிசையில் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்தார். பின்பக்கம் செம்பனைத் தோட்டம். வாசல் கதவின் உட்பக்கத்தில் சாக்கட்டியால் மூன்று கட்டம் போட்டிருந்தார். வானொலி, எறும்பு, முட்டி. நாளைக்கு மழை வருமா வராதா என்று வானொலி ஒன்று சொல்லும், சுவரோரம் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் எறும்பு ஒன்று சொல்லும், அவருடைய வலது முட்டி ஒன்று சொல்லும். மூன்றையும் முதல் நாளே எழுதிவைத்து, மறுநாள் சரி தப்பு போடுவார். எறும்புக் கட்டத்தை என் மகள் பாப்பாதான் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் வீட்டுச் சுவரோரம் குந்திக்கொண்டு எறும்பைப் பார்ப்பாள்.

"யார் சார் முந்தறது?" என்பேன்.

"அது வருஷக் கடைசிலதான் தெரியும். ஆனா என் முட்டி படு மோசம்."

கோவில்காரர்கள் அவரை நாத்திகர் என்றார்கள். பகுத்தறிவு பேசுகிற சங்கம் ஒன்று அவரைப் பேசக் கூப்பிட்டு, அவர் பேசி முடித்ததும் இந்த ஆள் மூடநம்பிக்கைக்காரர் என்றது. இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் திட்டு வாங்கிய மனிதர். அவர் பேச்சு ஒன்றுதான்: "எந்த வழியில வேணும்னாலும் கேளு. பூவுல கேளு, ஊசியில கேளு. ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடணும். வேற மாதிரி வந்தா நீ என்னா செய்வ? அதுக்குத் தயாரா இல்லன்னா கேக்காத. அது கேள்வியே இல்ல, நாடகம்."

அந்த 'வேற மாதிரி வந்தா' என் வேலைக்குள்ளேயும் புகுந்தது. நான் கையுறை கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பெட்டிக்குச் சில கையுறைகளை எடுத்துக் குழாயில் மாட்டி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொங்கவிட்டுச் சொட்டுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஒரு முத்து கட்டும். ஒருநாள் இதைச் சாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஊத்திப் பாத்த கையுறையை என்னா செய்வீங்க?"

"தூக்கிப் போட்டுருவோம் சார். நனைஞ்சத விக்க முடியாது இல்ல?"

"அப்ப விக்கறதெல்லாம் நீ பாக்காதது."

சும்மா சொன்னார், குத்தலாகக் கூடச் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு டாக்டர், எங்கேயோ ஒரு நோயாளி, நடுவில் நான் பார்க்காத கையுறை. அன்றைக்கு அப்புறம் பெட்டிக்குக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் பேனா ஒரு விநாடி நிற்கும். இவருக்கு என்ன வந்தது, மனுஷியை நிம்மதியாக வேலை பார்க்க விடமாட்டாரா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போடுவேன்.

கோவிலில் அவர் செய்ததைச் சொன்னால்தான் நான் பயந்தது விளங்கும்.

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அப்போதெல்லாம் பூசாரிதான் பூக் கட்டுவார். பூப் போட்டார்கள். வெள்ளை வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது, நல்ல இடம் கைநழுவுகிறதே என்று. பின்னாலிருந்து சார் வழக்கம்போல "மத்ததையும் பிரிங்க" என்றார். பூசாரி முடியாது என்றார். சார் விடவில்லை. பெண்ணின் அப்பாவே பாய்ந்து எடுத்துப் பிரித்தார். அதுவும் வெள்ளை.

அடேயப்பா, அன்றைக்கு நடந்த அமர்க்களம்! பூசாரியின் துண்டைப் பிடித்து இழுத்து, கோவில் மணியைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று கத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் அவர் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு திகாம் பத்து பக்கம் போய்விட்டார். அம்மன் பெயரால் ஏமாற்று என்று ஊரே காறித் துப்பியது. சார் மட்டும், "நான் யாரையும் குத்தம் சொல்லல. ரெண்டும் வெள்ளைன்னா அது பரிசோதனை இல்லன்னுதான் சொன்னேன்" என்றார். திரும்பப் பூப் போட்டார்கள். இந்தத் தடவை எல்லாம் சார் சொன்ன முறையில். பூக் கட்டுகிறவர் எடுக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது, இரண்டு பூவும் ஒரே கனம் இருக்க வேண்டும், யார் கட்டினாலும் மற்றதையும் பிரித்துக் காட்ட வேண்டும். சிவப்பு வந்தது. கல்யாணம் நடந்தது.

ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெண் கையில் கட்டோடு தாய் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை திருகி ஒடித்திருக்கிறான். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பையன் கை நீட்டுகிறவன் என்று பெண்ணின் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. புருஷனிடம் சொல்லத் தைரியமில்லாமல் பூசாரியின் காலில் விழுந்து, எப்படியாவது வெள்ளை வரவைத்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறாள். பூசாரி அவளைக் காட்டிக்கொடுக்காமலே அடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சார் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். யாரும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தே திரும்பி வந்தார். அதற்கப்புறம் அவர் கோவில் பக்கம் போகவில்லை. ஆனால் அவர் போட்ட முறை மட்டும் கோவிலில் நிலைத்துவிட்டது.

பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. மாடிப்படி ஏறினால் உதடு நீலம் கட்டும். இருதயத்தில் ஓட்டை என்றார்கள். ஓட்டை கண்டுபிடிக்கிறதே தொழிலாக இருக்கிறவள் வயிற்றில் அப்படி ஒரு பிள்ளை. பினாங்கில் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருந்து காத்திருந்து ஒரு வழியாகத் தேதி வந்தது. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, பிள்ளை அதுவரை தாங்குமா என்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார்.

என் மாமியார் முடியாது என்றார்; அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அத்தைக்கு மூத்த மகன் ஒருவர் இருந்தார். குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை, ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். வெள்ளைத் துணி மூடித்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அத்தை தலையிலடித்துக்கொண்டு, இனி என் வீட்டு ஆள் மேல் கத்தி படக்கூடாது என்று மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணியவர். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மலையையே புரட்டிவிடுவார், அம்மா பேச்சை மட்டும் தாண்டமாட்டார். நான் கையெழுத்துப் போடலாம்தான். போட்டுவிட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால்?

கடைசியில் அத்தையே சொன்னார்: "அம்மா சன்னதில பூப் போடுவோம். செவப்பு வந்தா கொண்டுபோங்க. வெள்ளை வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "பூவை நீயே கட்டு. பெத்தவ கட்டட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்து, ஈரத் தலையோடு, வேலியோரம் அரளி பறித்தேன். ஒரு சிவப்பு பறித்தேன். வெள்ளைச் செடி பக்கத்திலேயே நின்றது. கையை நீட்டினேன். கை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றது. சாமி தண்டித்தால் என்னைத் தண்டிக்கட்டும் என்று இன்னொரு சிவப்பையே பறித்தேன். வெற்றிலையில் மடித்து நூல் சுற்றும்போது இரண்டு தடவை நூல் நழுவியது. இரண்டும் ஒரே கனம். சார் முறைப்படி அது மட்டும் சரியாக இருந்தது.

முறை! அது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மற்றதையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் சார்தான் கோவிலுக்கு வருவதில்லையே, அவர் இல்லாவிட்டால் பாதி நாள் யாரும் கேட்பதில்லை, மறந்துவிடுவார்கள், மாரியம்மா, மறந்துவிடட்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் ஓட்டிய காடியில் உட்கார்ந்திருந்தேன்.

கோவில் வாசலில் அவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சாக்கட்டி. பாப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அதுதான் முந்தின நாள் எறும்பு பார்க்கப் போனபோது கூப்பிட்டிருக்கிறது, நாளைக்கு எனக்குப் பூப் போடறாங்க, வாங்க சார் என்று. நான் காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் என்ன என்றார். வெயில் என்றேன்.

பாப்பாவே பொட்டலத்தை எடுத்தது. புதுப் பூசாரி நூலை அறுத்தார். சிவப்பு. என் வீட்டுக்காரர் "தாயே" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கலாம். கோவில் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"என்னா சார் பேசாம நிக்கறீங்க? நீங்க போட்ட சட்டம்தானே? மத்ததையும் பிரிச்சுக் காட்டிருவோம், அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது."

அத்தைதான் கண்ணைத் திறந்து, "வேணாம் விடுங்க. அம்மா குடுத்தாச்சு, அப்புறம் என்னாத்துக்கு நோண்டிக்கிட்டு?" என்றார்.

"இல்லம்மா, முறைன்னா முறைதான். போன தடவை பட்டது போதாதா? சாரே பிரிக்கட்டும். அவர் கையில குடுங்க."

பூசாரி பொட்டலத்தைச் சார் கையில் வைத்தார். நான் அவரையே பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் நூலை அறுக்கவில்லை, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். வெற்றிலையை மார்பருகே, உள்ளங்கைக் குழியில் வைத்து விரித்தார். பூக் கட்டியவள் என்று ஓரமாக நின்ற எனக்கு, அவர் பக்கவாட்டிலிருந்து இதழின் நுனி தெரிந்தது. பட்டுப் போல் சிவப்பு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாப்பாவைப் பார்த்தார். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவரையே பார்த்து நின்றது. அவர் விரல்களை மூடினார்.

"வெள்ளை" என்றார்.

காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னால் கண்ணால் பார்த்த மாதிரி. கை மூடினது மூடினபடியே வெளியே போனார்.

அறுவைச் சிகிச்சை அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வீட்டில் விளக்கின் முன்னால், என் வீட்டுக்காரர் கீழே சிகரெட்டுக்கு. சார் படியேறி வந்தார். பட்டர்வொர்த்தில் பஸ் மாறி, பெர்ரி ஏறி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை. ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"வேற மாதிரி..." என்று ஆரம்பித்தார். மணிபர்ஸை வெளியே எடுத்தார், திறக்காமலே உள்ளே வைத்தார். அவர் பேச்சால் ஓர் உயிர் போகும் என்று எழுதியிருந்ததே, அந்தத் துண்டு உள்ளே இருந்தது. அவர் பேச்சால் போகவேண்டியது அவர் பொய்யால் போகப்போகிறதோ என்று அவருக்கு ஓடியிருக்க வேண்டும். எனக்கும் அதுதான் ஓடியது. பாப்பா போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் கொலைகாரர்கள், இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில் நான் பட்ட பயத்தை எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியை இறக்கிச் சிரித்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சார் பக்கத்தில் வந்து குனிந்தார். வாழ்த்தத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"பொழைச்சிட்டா. சந்தோஷம்மா. ஆனா அதனால நாம செஞ்சது சரின்னு ஆயிடாது."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என்ன மனுஷன் இவர்? பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள்ளா? "போங்க சார். முதல்ல இங்கேருந்து போங்க" என்று கத்தினேன். போனார்.

அதோடு விடவில்லை. பாப்பா வீட்டுக்கு வந்து, நடமாடி, எறும்பு பார்க்கிற அளவுக்குத் தேறிய பிறகு ஒரு நாள் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"அத்தைகிட்ட சொல்லிரலாம்மா. நான் பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. நாப்பது வருஷம் பாத்ததைப் பாத்தபடிதான் சொன்னேன். இப்ப எதைப் பாத்தாலும், இது நிஜமா, இல்ல நானே மாத்திப் பாக்கறனான்னு பயமா இருக்கு. எறும்பு போவுது, போவலன்னு கூட எழுத முடியல."

"சார், உங்க கால்ல விழறேன். அத்தைக்குத் தெரிஞ்சா அந்தச் சத்தியத்தை மீறினது நான்னு ஆயிரும். இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது சார்."

"அவங்ககிட்ட மட்டும்தான்மா. தப்பான பதிவா நிக்குது."

"நிக்கட்டும்!" என்றேன். கேட்டை இழுத்துச் சாத்தினேன். அதற்கப்புறம் அவர் தெருவில் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். பாப்பாவை அந்த வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். எந்த நிமிஷம் யாரிடம் போட்டு உடைப்பாரோ என்று அத்தை தெருவில் இறங்கினால்கூட எட்டி எட்டிப் பார்ப்பேன். உண்மை பேசுகிற ஆள் பக்கத்து வீட்டில் இருப்பதைப் போல ஒரு இம்சை வேறு கிடையாது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் உள்ளே போனபோது வாசல் கதவின் உட்பக்கம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. வானொலியும் இல்லை, எறும்பும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அடையாள அட்டைக்காக மணிபர்ஸைத் திறந்தார். அந்தப் பத்திரிகைத் துண்டும் அதற்குள் மடித்த ஒரு காய்ந்த வெற்றிலையும் விழுந்தன. வெற்றிலைக்குள் கருகிய ஒரு பூ. அது என்ன நிறமென்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு மனிதர் செத்துக் கிடக்க, எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

பாப்பாவுக்கு இப்போது பதினேழு. போன மாதம் அத்தையின் கால் விரல் கறுத்துவிட்டது. இனிப்பு நீர் வியாதி. விரலை எடுக்காவிட்டால் கால் போகும் என்கிறார் டாக்டர். நேற்று மத்தியானம் அத்தை அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டே சொன்னார்:

"பூப் போட்டுப் பாத்துருவோம்மா. பூவை நீயே கட்டு."

நான் இத்தனை வருஷத்தில் சாரின் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. நேற்று எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"வெள்ளை வந்தா என்னாத்தை செய்வீங்க?"

அத்தை தலையைத் தூக்கவில்லை. ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"உன் கைக்கு வெள்ளை வராதும்மா."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நான் அணைக்கவில்லை.

"சத்தியம் பண்ணுன வாய். அறுங்கன்னு என் வாயால சொல்ல முடியல. அம்மா சொன்னா ஒத்துக்கலாம்னு இருந்துச்சு. அம்மா மாத்திச் சொல்லிட்டா? மூத்தவனுக்கும் பூப் போட்டுத்தான் அனுப்புனேன். செவப்புதான் வந்துச்சு. அதான் உன் கையில குடுத்தேன். பெத்தவ வெள்ளை பறிப்பாளா?"

"அப்ப... அந்தச் சார்..."

"நான்தான் வேணாம் விடுங்கன்னேனே. கேட்டானுங்களா? பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கையை மூடுன மூடுலயே தெரிஞ்சுபோச்சு."

அவர் கேட்டுக்கு வெளியே நின்றது கண்ணில் வந்தது. அத்தையிடம் மட்டும்தான் சொல்லவேண்டும் என்று கெஞ்சினார். நாலே அடி உள்ளே வந்திருந்தால் போதும். இதே அடுப்படியில் இதே முக்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும் சார், போய் எறும்பைப் பாருங்க என்று சொல்லியிருப்பார். கேட்டைச் சாத்தியது நான்.

இன்று காலை அரளி பறிக்கப் போனேன். அத்தை ஜன்னலருகே உட்கார்ந்து, என் கையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் சிவப்பாகவே பறித்தேன். அவருடைய மூத்த மகனுக்கும் சிவப்புதான் வந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். வெற்றிலையை மடித்து, நூலைச் சுற்றி, இழுத்து அறுத்தேன். அந்தக் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சார் போனதோடு கோவிலில் அந்த முறையும் மறந்துபோனது; இனி மற்றதைப் பிரிக்கச் சொல்ல ஆள் இல்லை. பயமாக இருக்கிறது, சார்.